தென்மேற்கு மூலையில் ஒரு தம்பி

"இருப்பா, தம்பி முதல்ல குடிக்கட்டும்" என்று சொல்லிவிட்டு வேதசிரோமணி தன் எவர்சில்வர் பாட்டிலைத் திறக்கிறார். டீக்கடை முகிலன் நீட்டிய கண்ணாடி டம்ளர் அந்தரத்தில் நிற்கிறது. வீட்டிலிருந்து கொண்டுவந்த கொதித்து ஆறிய தண்ணீர் மடமடவென்று உள்ளே போன பிறகுதான் டீக்கு முறை. கடைக்குப் புதிதாக வந்தவர்கள், தம்பி எங்கே என்று அவர் முதுகுக்குப் பின்னால் எட்டிப் பார்ப்பார்கள். தம்பி அங்கே இல்லை. சட்டைக்குள், பெல்ட்டுக்குக் கொஞ்சம் மேலே, வலது பக்கம் குடியிருக்கிறான். முகம் தெரியாத யாரோ ஒருவருடைய சிறுநீரகம் அது.

சேலையூரில் அவரைத் தெரியாதவர்கள் குறைவு. ஒரு பள்ளிக்கூடத்தில் பூகோளம் நடத்தியவர். உடம்பு படுத்தியதால் வேலையை முன்கூட்டியே விட்டுவிட்டார், பாடம் நடத்துவதை மட்டும் விடவில்லை. யாராவது அறுவைச் சிகிச்சையைப் பற்றிக் கேட்டுவிட்டால் போதும். எழுந்து நின்று, சட்டையை இழுத்துவிட்டு, வயிற்றையே சுவர் வரைபடமாக்கிக்கொள்வார். "எதிர்ல நின்னு பாருங்க. மேல வடக்கு. இங்க, தென்மேற்கு மூலை. மெட்ராஸுக்குத் தாம்பரம் எங்க இருக்கோ, அதே இடத்துலதான் இவனுக்கும் ஜாகை."

பழைய இரண்டையும் எடுத்துவிட்டார்களா என்று கேட்பார்கள். எல்லாரும் கேட்பார்கள். அந்தக் கேள்விக்காகவே அவர் காத்திருப்பார்.

"எதுக்கு எடுக்கணும்? அதுபாட்டுக்கு இருக்கு. மொத்தம் மூணு, வேலை செய்றது ஒண்ணு. எங்க ஸ்டாஃப் ரூம் மாதிரிதான்."

அதன் பிறகு, "தொட்டுப் பாக்குறீங்களா?" என்பார். கூரியர் கொண்டுவந்த பையன் தொட்டிருக்கிறான். காஸ் சிலிண்டர் போடுகிறவர் தொட்டுவிட்டுக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டார். எல்.ஐ.சி. ஏஜென்ட் மட்டும் தொடாமலே எழுந்து போய்விட்டார். மனைவி ரத்தினபாய்க்கு இந்தக் கண்காட்சி அறவே பிடிக்காது. பல்லைக் கடித்துக்கொண்டு சமையலறைக் கதவைச் சாத்திக்கொள்வாள்.

தெருப் பெண்களின் சந்தேகம் வேறு மாதிரி. கொடுத்தவருடைய குணம் கூடவே வந்துவிடுமாமே என்று கேட்டார்கள். அவர் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். அதுவரை கருவாட்டு வாசனைக்கே முகத்தைச் சுளித்தவர், ஒருநாள் நெத்திலிக் கருவாடு வேண்டும் என்றார். கேட்டது தான் இல்லையாம், தம்பியாம். தூக்கம் கலைந்து மதியம் டிவியில் பழைய சண்டைப் படம் பார்ப்பதும் தம்பிதான். டாக்டர் சொன்னது சாதாரண விஷயம்: இது மாத்திரை தூண்டிவிடும் பசி, உப்பு ஆகாது. ரத்தினபாய் சொன்னது அதைவிடச் சுருக்கம். "தம்பிக்கு வேணும்னா தம்பி வந்து கேக்கட்டும்."

இத்தனைக்கும் இந்த மனிதர்தான் ஒரு காலத்தில் உறுப்புதானத்துக்கு எதிராக மைக் பிடித்தவர். அந்தக் கதையை மற்றவர்கள் மறந்துவிட்டார்கள். அவர்தான் மறக்க விடுவதில்லை. அவர் சபையில் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் கண்தானத்துக்குக் கையெழுத்து வாங்க ஒரு குழு வந்திருந்தது. வாலிபப் பிள்ளைகள் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு வரிசையில் நின்றார்கள். வேதசிரோமணி எழுந்தார். நம் சரீரம் பரிசுத்த ஆவியின் ஆலயம் என்று வசனத்தோடு ஆரம்பித்தார். ஆலயத்தின் ஜன்னல்களைக் கழற்றி ஊருக்குக் கொடுக்க நமக்கு யார் அதிகாரம் தந்தது என்று முடித்தார். பேனாக்கள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டன. குழு, கொண்டுவந்த மேஜையை மடித்து எடுத்துக்கொண்டு போனது. அன்று வாசலில் நாலு பேர் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள்.

"ஜன்னலைக் கழட்ட மாட்டேன்னவன், அடுத்த வீட்டு வாட்டர் ஃபில்டரைக் கழட்டி மாட்டிக்கிட்டேன்" என்று இப்போது அவரே சொல்லிச் சிரிப்பார். சிரிப்பு முடிந்ததும் ஒரு கணம் தரையைப் பார்ப்பார். அதைக் கவனித்தவர்கள் குறைவு.

டயாலிசிஸ் காலம் அவரை நன்றாகவே கசக்கிப் பிழிந்தது. காத்திருப்போர் பட்டியலில் பெயரைப் பதிந்துவிட்டு, போன் மணி அடிக்கும்போதெல்லாம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ஜெபம் செய்யக்கூட வாய் வரவில்லை. 'ஆண்டவரே, சீக்கிரம்' என்று தொடங்குவார், அங்கேயே நிறுத்திக்கொள்வார். சீக்கிரம் என்றால் யாருக்கு? எந்த வீட்டில்? கடைசியில் ரத்தினபாய்தான், 'உமக்குச் சித்தமானால்' என்று ஒரு வார்த்தையைப் போட்டு அந்த ஜெபத்தைக் கரை சேர்ப்பாள்.

ஒருநாள் அழைப்பு வந்தது. அவரை ஸ்ட்ரெச்சரில் தள்ளிக்கொண்டு போனவர் ஃபிரெடி என்ற வார்டு ஊழியர். மிரண்டு கிடந்த மனிதருக்குத் தைரியம் சொல்வதாக நினைத்துக்கொண்டு, "நம்ம சைடு பையன்தான் சார், பைக்ல போய்..." என்றவர் சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டார். கொடுத்தவர் யார் என்று வாங்கியவருக்குச் சொல்லக்கூடாது என்பது விதி. பிறகு எவ்வளவு கேட்டும் யாரும் வாய் திறக்கவில்லை.

உயிர் பிழைத்து வீடு வந்த வேதசிரோமணியை அந்த அரை வாக்கியம் பிடித்துக்கொண்டது. காப்பி கொடுத்தால்கூட ஸ்தோத்திரம் சொல்லிப் பழகிய வாய் அவருடையது. இவ்வளவு பெரிய பொருளை வாங்கிக்கொண்டு, எந்த வாசலில் நின்று நன்றி சொல்வது என்று தெரியாமல் நெஞ்சு முட்டியது. சபைப் போதகர் டேனியல் ஐயரிடம் போய் விசாரித்தார். இந்தச் சிறுநீரகம் ஞானஸ்நானம் பெற்றதா இல்லையா என்று எப்படித் தெரிந்துகொள்வது? உயிர்த்தெழும் நாளில் சொந்தக்காரன் வந்து, 'சார், என் சாமானைக் கொடுங்க' என்று நின்றால் என்ன செய்வது?

"அன்னிக்கு எல்லாருக்கும் புது சரீரம் சார்" என்றார் ஐயர். "இப்போதைக்கு மாத்திரையை ஒழுங்கா போடுங்க."

மாத்திரையை ஒழுங்காகப் போட்டார். கூடவே இன்னொரு பழக்கமும் ஒட்டிக்கொண்டது. சுவரில் கண்ணீர் அஞ்சலிப் போஸ்டர் எங்கே தெரிந்தாலும் ஸ்கூட்டரை ஓரங்கட்டுவார். முகத்தைப் பார்ப்பார், வயதைப் பார்ப்பார், மறைந்த தேதியைப் பார்ப்பார். தாம்பரம் மார்க்கெட் சுவர், குரோம்பேட்டை பாலத்தூண், பெருங்களத்தூர் பஸ் நிறுத்தம் என்று ஒன்றையும் விடவில்லை. "மத்தவங்க அப்பா சினிமா போஸ்டர் பாப்பாங்க. எங்க அப்பா சாவு போஸ்டர் பாக்குறார்" என்று மகள் அபிகாயில் தோழிகளிடம் சொல்லிச் சிரித்தாள்.

கிட்டத்தட்ட ஒரு வருஷம் ஓடிய பிறகு, பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் அது கிடைத்தது. ரத்தினபாய் ஒரு இரும்புச் சட்டிக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தாள். கூட்டத்துக்குள் வரக்கூடாத இவர் முகக்கவசத்தோடு சுவரோரமாக நின்றிருந்தார். திரும்பிப் பார்த்தால், கூலிங்கிளாஸ் போட்ட ஒரு பையன் பைக்கில் சாய்ந்து நின்று சிரிக்கிறான். முதலாம் ஆண்டு நினைவஞ்சலி. பெயர் பிரசன்னா. ஊர் திருமுடிவாக்கம். மறைந்த தேதி, இவருக்கு அறுவைச் சிகிச்சை நடந்த அதே தேதி.

நம்ம சைடு, பைக், தேதி. ஓர் இடத்தைக் கண்டுபிடிக்கப் பூகோள வாத்தியாருக்கு மூன்று குறிப்பு போதாதா? முகக்கவசத்தைக் கழற்றினார். சந்தைக் கூட்டத்தின் நடுவே, சுவரைப் பார்த்து, "வணக்கம் தம்பி" என்றார். ரத்தினபாய் சட்டியைப் போட்டுவிட்டு ஓடிவந்து அவருக்கு முகக்கவசத்தை மாட்டிவிட்டாள்.

அன்றிலிருந்து நினைவு நாள் வரை அவர் மனத்துக்குள் ஒரே காட்சி ஓடிக்கொண்டிருந்தது. இவர் வாசலில் போய் நிற்கிறார். 'அம்மா, உங்க பிள்ளை சாகலைம்மா' என்கிறார். தாய் கதறிக்கொண்டு வந்து இவர் மேல் சாய்கிறாள். காதை வைத்து... எங்கே வைப்பது? இதயமாக இருந்தால் தாய் காதை வைத்துக் கேட்டு அழுவாள், பார்க்கிறவர்களும் அழுவார்கள். சிறுநீரகத்தில் காதை வைத்தால் என்ன கேட்கும்? அந்த இடம் வந்ததும் காட்சி ஒவ்வொரு முறையும் கவிழ்ந்தது. கண்ணாடி முன் நின்று, தாய் தலைமேல் கை வைத்து ஆசீர்வதிப்பதாக மாற்றிப் பார்த்தார். பரவாயில்லை என்று பட்டது.

இன்னொரு சிக்கலும் இருந்தது. நினைவு நாள் என்றால் படையல் இருக்கும். படைத்த பண்டத்தைத் தொடுவதில்லை என்பது அவர் குடும்பத்து வைராக்கியம். அடுத்த வீட்டு ரமா பல தீபாவளிகளாக, சாமிக்கு வைப்பதற்கு முன்பே அதிரசத்தைத் தனியாக எடுத்து, "உங்களுக்குன்னு முன்னாடியே எடுத்துட்டேன் சார்" என்று டப்பாவில் கொடுத்தனுப்புகிறாள். இப்போது செத்தவனுக்குப் படைத்த சோற்றுக்கு முன்னால் உட்கார வேண்டும். ரத்தினபாய் இரண்டு பாட்டில் நிறைய தண்ணீர் ஊற்றிக் கொடுத்தாள். "அங்க எதையும் வாயில வைக்காதீங்க. படைச்சதுன்னு சொல்லல. சூடு இல்லாததுன்னு சொல்றேன்" என்றாள். வாசல்வரை வந்து, மாலை வைத்த பையையும் வண்டியில் மாட்டிவிட்டாள்.

திருநீர்மலை வழியாகப் போனார். மலையைத் தாண்டி, தொழிற்பேட்டைக்குப் பின்புறச் சந்தில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட வீடு. வாசலில் சின்னப் பந்தல், நாலைந்து பைக். பிரசன்னாவின் அப்பா குப்பன் அங்கே ஒரு பட்டறையில் கேட், கிரில் வெல்டிங் செய்கிறவர். மாலையோடு வந்த வயதானவரைப் பார்த்ததும், பையன் படித்த பள்ளிக்கூடத்து சாரா என்று கேட்டார். "வாத்தியார்தான்" என்றார் வேதசிரோமணி. பொய் இல்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். மாலையைப் படத்துக்குப் போட்டுவிட்டு உட்கார்ந்தார்.

போட்டோவுக்கு முன்னால் பிரியாணி, வஞ்சிர வறுவல், வடை, ஒரு கலர் பாட்டில், ஒரு சிப்ஸ் பொட்டலம், ஓரத்தில் டம்ளரில் தண்ணீர். குப்பனின் மனைவி பேபி, "புள்ளைக்குப் புடிச்சதுதான் எல்லாம், சாப்டுங்க சார்" என்று இலை போட்டாள். அவளைப் பார்த்ததும் அவர் கண் நிறைந்துவிட்டது. 'ஆண்டவரே, எனக்கு ஆகாதுதான். ஆனால் இது தம்பியின் வீட்டுச் சோறு' என்று மனத்துக்குள் சொல்லிவிட்டு, ஆவி பறந்த பிரியாணியில் கை வைத்தார். மீனையும் தின்றார். இரண்டு பாட்டில் தண்ணீரும் தீர்ந்தது.

கேன் தண்ணீரை ஊற்ற வந்த குப்பனிடம், டம்ளரைக் கையால் மூடிக்கொண்டு வேண்டாம் என்றார். காய்ச்சாத தண்ணீர் ஆகாது, கிட்னி மாற்றி வைத்த உடம்பு என்றார். அந்தச் சொல் வெளியே வந்ததும் மனப்பாடம் செய்த வசனமும் சேர்ந்து பீறிட்டது.

"போன வருஷம், இதே தேதியில..."

அவ்வளவுதான் சொன்னார். குப்பன் கையில் தண்ணீர்ச் சொம்பு அசையாமல் நின்றது. அவர் ஒரு முறை போட்டோவைப் பார்த்தார், ஒரு முறை பேபியைப் பார்த்தார். "சார், கொஞ்சம் வெளிய வாங்க" என்றார்.

பந்தலுக்கு வெளியே தார்ப்பாய் போட்டு மூடிய ஒரு பைக் இருந்தது. அதன் சீட்டில் கை வைத்துக்கொண்டு குப்பன் மெதுவாகப் பேசினார்.

"எங்க புள்ளைது இல்ல சார் அது."

வேதசிரோமணிக்குப் புரியவில்லை.

"கேட்டாங்க. டாக்டரு கேட்டாரு, ஒரு அம்மா வந்து பக்கத்துல குந்திக்கினு கேட்டாங்க. நான்தான் மாட்டேன்னுட்டேன்."

உள்ளே யாரோ வடை கேட்கும் சத்தம் வந்தது. இவர் எதுவும் கேட்காமலேயே குப்பன் தொடர்ந்தார்.

"நெஞ்சு ஏறி எறங்குது சார். கை சூடா கீது. செத்துட்டான்றாங்க. மெஷின்தான் மூச்சு வுடுதுன்றாங்க. எப்டி நம்புறது? எங்க ஆளுங்க வேற, 'வுடாத, உள்ள இருக்கிறத எடுத்து வித்துடுவானுங்க, முழுசா எடுத்துக்கினு போலாம்'னாங்க. முழுசா வோணும்னு நானும் நின்னேன்." கையை சீட்டின் மேல் ஒரு முறை தேய்த்தார். "மறுநாள் கொண்டுபோயி எரிச்சிட்டோம். எரிக்கிறதுக்கா பத்திரமா வெச்சிக்கினேன்னு இப்ப தோணுது சார். வூட்ல யார்கிட்டயும் சொல்லல இத."

வேதசிரோமணி ஒத்திகை பார்த்த காட்சியில் இப்படி ஒரு இடமே இல்லை. தாய் சாயவில்லை, ஆசீர்வாதம் இல்லை. நன்றி சொல்லத் தேடிய வாசலும் இது இல்லை. மடியில் கட்டிக்கொண்டு வந்த நன்றியை இறக்கி வைக்க இடமில்லாமல் நின்றார். வயிற்றில் அடுத்த வீட்டுப் பிரியாணி கனத்தது. எதிரே நின்றவர், தன்னை எதற்காகவோ தண்டிக்கச் சொல்லி நிற்பதுபோல் நின்றார்.

வேறு யாராக இருந்தாலும் ஆறுதல் சொல்லியிருப்பார்கள், அல்லது அறிவுரை சொல்லியிருப்பார்கள். இரண்டுக்கும் தனக்கு அருகதை இல்லை என்பது வேதசிரோமணிக்குத் தெரியும். அவரிடம் இருந்தது ஒரே கதை. அதைச் சொன்னார். சபை, வரிசையில் நின்ற பிள்ளைகள், தான் பிடித்த மைக், ஆலயத்தின் ஜன்னல், மூடிக்கொண்ட பேனாக்கள்.

"நீங்க பெத்த புள்ளையைப் பக்கத்துல வெச்சிக்கிட்டு மாட்டேன்னீங்க. நான் ஒரு வலியும் இல்லாம, வயிறு நிறையச் சாப்பிட்டுட்டு, வசனத்தோட மாட்டேன்னேன். அதுக்குக் கை வேற குலுக்குனாங்க. அப்புறம் வெட்கமே இல்லாம லிஸ்ட்ல பேர் குடுத்துட்டு உக்காந்திருந்தேன்."

குப்பன் அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"இன்னா சார் நீங்க, என்னைவிட பேஜாரான ஆளா கீறீங்க" என்றார். அவர் உதடு லேசாகக் கோணியது. சிரிப்பு என்றும் சொல்லலாம்.

அப்படியானால் இந்தக் கிட்னி யார் வீட்டுடையது என்று தெரியவே தெரியாதா என்று குப்பன் கேட்டார். தெரியாது, சொல்ல மாட்டார்கள் என்றார் இவர்.

"அந்த வூட்லயும் இன்னிக்கு எல போட்டுருப்பாங்க" என்றார் குப்பன்.

"போட்டிருப்பாங்க."

குப்பன் தயங்கினார். பிறகு, பட்டறைத் தீப்பொறி தெறித்துப் புள்ளி புள்ளியாகத் தழும்பேறிய கையைப் பாதி நீட்டி, "எங்க சார் கீது?" என்று கேட்டார்.

கூரியர் பையனுக்கும் சிலிண்டர்காரருக்கும் கூசாமல் காட்டிய வேதசிரோமணிக்கு முதல்முறையாகக் கூச்சம் வந்தது. வரைபடம் வரவில்லை, வடக்கு வரவில்லை, ஸ்டாஃப் ரூம் வரவில்லை. குப்பனின் கையைப் பிடித்து, சட்டைமேல் அந்த இடத்தில் வைத்தார். குப்பன் அழுத்தவில்லை. தூங்குகிற குழந்தையின் முதுகில் வைப்பதுபோல் வைத்துக்கொண்டு நின்றார்.

"தண்ணி நெறைய குடிக்கணுமா இது?"

"அதான் அதோட ஒரே வேலை."

"உங்க பாட்லு ரெண்டும் காலியாச்சே." குப்பன் கையை எடுத்தார். "குந்துங்க சார், போயிறாதீங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

ஸ்டவ் பற்றவைக்கும் சத்தம் கேட்டது. பேபி என்னவோ கேட்டாள். அவர் சொன்ன பதில் கேட்கவில்லை. பேபி வாசல்வரை வந்து, வேதசிரோமணியின் முகத்தை ஒரு முறை பார்த்துவிட்டுத் திரும்பிப் போனாள். போட்டோவுக்கு முன்னால் இருந்த டம்ளரை எடுத்தாள். அதிலிருந்த தண்ணீரை வாசல் தொட்டிச் செடியில் ஊற்றினாள். கழுவிக் கணவனிடம் கொடுத்தாள்.

குப்பன் வாசற்படியில் உட்கார்ந்து, கொதித்த தண்ணீரை மகனுடைய டம்ளரிலிருந்து இன்னொரு டம்ளருக்கும், அதிலிருந்து இதற்கும் உயரத் தூக்கி ஊற்றி ஊற்றி ஆற்றிக்கொண்டிருந்தார். நடுவில் ஒரு முறை நிறுத்தி, ஒரு சொட்டைத் தன் மணிக்கட்டில் விட்டுப் பார்த்தார். இன்னும் சுட்டது போலிருக்கிறது. மறுபடியும் ஆற்றத் தொடங்கினார்.